டிரெய்லர் வாங்கும் முன் கொக்கி எடையைப் பாருங்க!

திருப்பூர்ல இருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியா வால்பாறைக்கு கேம்பிங் டிரெய்லர் இழுத்துட்டுப் போக ஆசையா? விலையைக் கேட்கும் முன் எடையைக் கேளுங்க. உங்க கார் எவ்வளவு இழுக்கலாம்னு அதோட கையேட்டுல பாருங்க.

சாமான் ஏற்றிய டிரெய்லர் 600 கிலோ என்றால், அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 60 முதல் 90 கிலோ, காரின் கொக்கியை அழுத்த வேண்டும். பாரம் பின்னாடி போனா கொக்கி மேலே தூக்கும். காரோட பின்சக்கரப் பிடிப்பு குறையும். வேகமெடுத்தா டிரெய்லர் வாலாட்டி காரையே திருப்பிடும். பனியன் பண்டல் ஏத்துற டெம்போக்காரருக்கும் இதே கவலைதான். தண்ணி கேனை அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க.

ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது லோ கியர்தான். பிரேக்கையே மிதிச்சா சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காது.

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு வேணும். ஆனைமலை புலிகள் காப்பகத்துல வனத்துறை அனுமதி இல்லாம தங்காதீங்க.