தொடர்வண்டிப் பழம்பொருள்கள் கூறும் வரலாறு

நுழையும்முன்

தொடர்வண்டி நிலையங்களில் அன்றாடம் புழங்கிப் பின்னர்க் கைவிடப்பட்ட பொருள்கள் இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களின் பேழைகளிலும் இடம்பெற்றுள்ளன. பழமை ஒன்றே அவற்றின் மதிப்பாகுமா? ஒரு சிறிய அட்டைச்சீட்டையும் ஓர் உலோகப் பந்தையும் சான்றாகக் கொண்டு, பழம்பொருள்களைப் படிக்கும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

பணி முடிந்த பொருள்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குச் சென்றது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, நீராவி எஞ்சினை மட்டுமன்றி எண்ணற்ற சிறு பொருள்களையும் நம்பியே தொடர்வண்டிகள் இயங்கின. வண்ணக் கண்ணாடி பொருத்திய கைவிளக்கு, மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு, அட்டைப் பயணச்சீட்டு, நாள் பொறிக்கும் கருவி, ஓட்டுநரிடம் நீட்டப்பட்ட பிரம்பு வளையம் ஆகியன அவற்றுட் சில. மின்சாரமும் கணினியும் வந்தபோது இவற்றின் பணி முடிந்தது. பயனற்றவை எனப் பெரும்பாலானவை எடைக்குப் போடப்பட்டன; எஞ்சியவை அரும்பொருள்களாயின.

இப்பொருள்கள் அழகுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சிக்கலுக்குத் தீர்வாகப் பிறந்தது. அந்தச் சிக்கலை அறியாதவருக்கு அது வெறும் அட்டை, வெறும் இரும்பு.

அட்டைச்சீட்டின் பிறப்பு

இங்கிலாந்தில் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கிய காலத்தில் பயணச்சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியே எழுதியதால் காலம் வீணாயிற்று. அன்றியும், எத்தனை சீட்டுகள் விற்றன, பெற்ற பணம் முழுவதும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கவில்லை.

இதற்குத் தீர்வு கண்டவர் தாமஸ் எட்மண்சன் (1792 – 1851). மரத்தளவாடங்கள் செய்யும் தொழில் பயின்ற அவர், வணிகத்தில் நொடித்துப்போய், 1836ஆம் ஆண்டில் நியூகாசில் – கார்லைல் இருப்புப்பாதையின் மில்டன் என்னும் சிறு நிலையத்தில் அலுவலராகச் சேர்ந்தார். ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உடைய தடித்த அட்டைகளில் ஊர்ப்பெயரையும் வரிசை எண்ணையும் முன்னரே அச்சிடும் முறையை அவர் உருவாக்கினார். அச்சீட்டில் நாளைப் பொறிப்பதற்கும் ஒரு கருவியை அமைத்தார்.

இம்முறையின் உயிர் வரிசை எண்ணில் இருந்தது. ஒவ்வோர் ஊருக்குமான சீட்டுகள் தனித்தனி அடுக்காக நிற்கும். அவை எண் வரிசைப்படியே விற்கப்படும். பணி முடியும் வேளையில், அடுக்கில் அடுத்து நிற்கும் சீட்டின் எண்ணிலிருந்து காலையில் குறித்த எண்ணைக் கழித்தால் விற்ற சீட்டுகளின் எண்ணிக்கை கிடைக்கும். அதைக் கட்டணத்தால் பெருக்கினால் பெட்டியில் இருக்க வேண்டிய தொகை தெரியும். எங்கோ இருக்கும் நிறுவனமும் முகமறியாத எழுத்தரும் ஒருவரையொருவர் நம்புவதற்கு அந்த எண்ணே பிணையாக நின்றது. இம்முறையைப் பயன்படுத்திய நிறுவனங்கள், பாதையின் ஒவ்வொரு மைலுக்கும் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் வீதம் எட்மண்சனுக்கு உரிமைத்தொகை செலுத்தின. பின்னர் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கும் அது பரவியது. பிரிட்டனில் 1990ஆம் ஆண்டுவரை அது வழக்கில் இருந்தது.

நறுக்கப்பட்ட மூலை

பழைய அட்டைச்சீட்டுகளுள் சில, மூலை நறுக்கப்பட்டுக் காணப்படும். அதனைச் சிதைந்த சீட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. சிறுவருக்கு அரைக் கட்டணத்தில் சீட்டு வழங்கும்போது, எழுத்தர் அதன் மூலையை நறுக்கித் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வரிசை எண்ணின்படி முழுத்தொகை இருக்க வேண்டிய இடத்தில் பாதித் தொகையே இருப்பதற்கு அந்தத் துணுக்குச் சான்றாகும். ஆகவே, மூலையற்ற அந்தச் சீட்டு சிதைந்ததன்று; என்றோ ஒரு நாள் ஒரு சிறுவனோ சிறுமியோ பயணம் செய்ததைச் சொல்லும் ஆவணம் அது.

வழித்தடத்தின் திறவுகோல்

அட்டைச்சீட்டு பணத்தைக் காத்தது. வேறொரு பொருள் உயிரைக் காத்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் நுழைந்துவிட்டால் விபத்து தவிர்க்க இயலாதது. 1874ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கருகே தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தி ஒன்றில் நேர்ந்த குழப்பத்தால் இரண்டு வண்டிகள் நேருக்குநேர் மோதின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்தைத் தடுக்க, 1878ஆம் ஆண்டில் எட்வர்டு டயர் என்பவர் மின்வழி இயங்கும் வில்லைக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். இரு நிலையத்தாரும் இசைந்தால் மட்டுமே ஒரு வில்லை வெளிவரும். அது மீண்டும் ஏதேனும் ஒரு கருவிக்குள் இடப்படும்வரை மற்றொரு வில்லையை எடுக்க இயலாது. கையில் வில்லை இல்லாத ஓட்டுநர் அப்பாதையில் நுழையக்கூடாது. இந்தியாவில் பரவலாக வழங்கிய நீல் பந்துக் கருவியும் இதே கொள்கையில் அமைந்தது. அதில் வில்லைக்கு மாற்றாக உலோகப் பந்து பயன்பட்டது. பந்தைத் தோற்பையில் இட்டு வளையத்தில் பிணைத்து ஓட்டுநரிடம் கொடுப்பர்.

படிக்கப்படாத பெயர்

எந்த இரு நிலையங்களுக்கு இடையிலான பாதைக்கு அந்த வில்லை உரியது என்பது அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். 1921 சனவரி 26 அன்று வேல்ஸ் நாட்டின் ஆபர்மியூல் நிலையத்துக்கு வந்த ஒரு வண்டி, தான் கடந்துவந்த பாதையின் வில்லையை ஒப்படைத்தது. செல்ல வேண்டிய பாதைக்குரிய வில்லைக்கு மாற்றாக, கொண்டுவந்த வில்லையே அவ்வண்டிக்குத் திருப்பித் தரப்பட்டது. அது பலர் கைமாறியது. பொறித்திருந்த பெயரை ஒருவரும் படிக்கவில்லை. வண்டி புறப்பட்டது. எதிரே வந்த விரைவுவண்டியுடன் மோதியதில் 17 பேர் உயிரிழந்தனர். கருவிகளில் பழுது ஏதும் இல்லை. பொருள் தன் செய்தியைத் தாங்கியே நின்றது. அதைப் படிக்கும் கண்கள்தாம் தவறின.

சேகரிப்போர் கடமை

இந்நிகழ்வு பழம்பொருள் சேகரிப்போருக்கும் பாடமாகும். பளபளப்புக்காக அளவுமீறித் தேய்த்தால் பொறித்த எழுத்து மழுங்கும். எழுத்து மழுங்கிய பந்து எந்த ஊருக்கு உரியது என்பதை எவராலும் கூற இயலாது. ஒரு பொருள் எங்கே, எப்போது, எதற்காகப் பயன்பட்டது, யாரிடமிருந்து வந்தது என்னும் குறிப்பு அப்பொருளுக்கு இணையான மதிப்புடையது. ஏலத்தில் முறையாக வாங்கிய பொருளையும் களவாடிய பொருளையும் பிரித்துக்காட்டுவதும் அக்குறிப்பே. திருடப்பட்டது என ஐயுறத்தக்க தொடர்வண்டிப் பொருளை வைத்திருப்பவர், அது முறையாகத் தம்மிடம் வந்தது என மெய்ப்பிக்கத் தவறினால் தண்டனைக்குரியவர் என்கிறது 1966ஆம் ஆண்டுச் சட்டம்.

புதுதில்லியிலும் சென்னையிலும் உள்ள தொடர்வண்டி அருங்காட்சியகங்கள் பெரிய எஞ்சின்களைப் பாதுகாக்கின்றன. சீட்டும் விளக்கும் போன்ற சிறு பொருள்களோ பணி ஓய்வு பெற்றோரின் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடக்கின்றன. அவற்றைக் கையாண்டவர்கள் வாழும்போதே, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பொருளை வாங்கப் பணம் வேண்டும். அதன் வரலாற்றைக் காக்க ஒரு குறிப்பேடும் கேட்கும் செவியும் போதும்.