பழவேற்காட்டுத் துறையும் சோழமண்டலத் துணி வணிகமும்

முகத்துவாரம் ஆழமற்றதாதலின் பழவேற்காட்டில் பெருங்கப்பல்கள் கரையணைய இயலாது. அவை கடலில் நங்கூரமிட, படகுகளே சரக்கை ஏற்றியிறக்கின. ஆயினும் 1610இல் இங்குக் கால்கொண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பி, 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை இதனையே சோழமண்டலத் தலைமையிடமாகக் கொண்டது. காரணம் துணி. மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் பெறச் சோழமண்டலத் துணி இன்றியமையாததாயிருந்தது. ஆகவே பழவேற்காட்டை நறுமணப்பொருள் வணிகத்தின் கிளையாக அன்றி, அதன் முதலாகக் கொள்வதே பொருந்தும்.

பஞ்சக் காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதரும் அடிமைகளாக இத்துறையிலிருந்தே பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். டச்சுக் கல்லறைகளின் சிற்பநயம் பேசப்படுமளவிற்கு இது பேசப்படுவதில்லை.

துறையின் இயற்கை பின்னரும் நெடுங்காலம் மாறவில்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்த மாதங்களில் ஏரிக்கரை ஊர்களின் மீன்பிடி படகுகள் கடலுக்குச் செல்ல வழியின்றி நின்றன.