ஆறு வயதில் வரும் விருந்தாளி

நாஞ்சில் நாட்டு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் வெறும் வாயோடு திரும்ப முடியாது. முந்திரிக் கொத்து வரும், அச்சு முறுக்கு வரும், வெல்லப் பாகு பூசிய நேந்திரங்காய்த் துண்டும் வரும். இதையெல்லாம் கடித்துத் தின்னப் பல் வேண்டுமே! கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டு கிடக்கும் குழந்தைக்குப் பலகாரம் எதற்கு?

"பால் பல்தானே, விழத்தானே போகிறது!" என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். விஷயம் அவ்வளவு லேசானதல்ல. பால் பற்கள் இருபது. கடைவாயில் உள்ளவை பத்து, பன்னிரண்டு வயது வரை வேலை செய்ய வேண்டியவை. இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பல் வரிசைக்குப் பின்னால் புதுக் கடைவாய்ப் பல் ஓசைப்படாமல் முளைக்கும். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அதையும் பால் பல் என்று எண்ணிப் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ!

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல் டாக்டர்கள் இல்லையா? இருக்கிறார்கள். குலசேகரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கிருந்து சில மைல் தூரத்தில் பேச்சிப்பாறை. ஆனால் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து வர வேண்டிய காணிக் குடியிருப்புகளும் அங்கே உண்டு. அந்தக் குழந்தைக்கு அந்தச் சில மைலே பெரும் பயணம். முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் தாயையும், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தகப்பனையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளையை ஒரு நாள் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் பஸ் செலவு ஒரு பக்கம், அன்றைய கூலி போவது ஒரு பக்கம். மூன்று முறை வரச் சொன்னால் மூன்று நாள் கூலி போயிற்று!

2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருஷம் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் போய்க் குழந்தைகளைச் சோதிக்கின்றன. சொத்தைப் பல்லும் அந்தச் சோதனையில் அடக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு வைத்தியம் ஆகிவிடுமா? சீட்டு புஸ்தகப் பைக்குள்ளேயே கசங்கிப் போனால், சொத்தை மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

வைத்தியர் நோயாளியைத் தேடிப் போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. எவரெஸ்ட் சிகரம் ஏற 1922-ல் வந்த டாக்டர் சாமர்வெல், பிறகு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருஷம் பணி செய்தார். அந்த ஆஸ்பத்திரிக்கு ஊர் ஊராகக் கிளைகள் இருந்தன. பல்லுக்கும் அப்படி ஒரு வழி வேண்டாமா?

நியூஸிலாந்து 1921-லேயே பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி, பிறகு பள்ளிகளுக்குப் பல் நர்ஸுகளாக அனுப்பியது. துளைக்கும் யந்திரத்துக்குப் பயந்த அந்த ஊர்ப் பிள்ளைகள், பல் அறைக்குக் 'கொலைக்கூடம்' என்று பட்டப் பெயர் வைத்தார்களாம்!

இன்று அந்தப் பயமும் வேண்டியதில்லை. பல சொத்தைகளை யந்திரமும் மின்சாரமும் இல்லாமலே கைக்கருவியால் சுரண்டி, கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டால் அடைத்துவிடலாம். சொத்தை பரவாமல் தடுக்க வெள்ளிச் சத்து கலந்த ஒரு மருந்தும் உண்டு. பூசிய இடம் கறுத்துப் போகும், அவ்வளவுதான். இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பள்ளிக்கூட பெஞ்சிலேயே முடிகிற வேலைக்குக் குழந்தையை ஏன் ஊர் ஊராக அலைக்கழிக்க வேண்டும்?

அதுவரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. இரவு படுக்குமுன் ஃபுளோரைடு பற்பசையால் குழந்தையின் பல்லைத் தேய்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள். ஆறு வயதானதும் கடைவாயை வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்த முறை பள்ளி ஆசிரியையைச் சந்திக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "பல்லுக்குச் சீட்டு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வைத்தியம் ஆயிற்று?" நம் பிள்ளைக்காக மட்டுமல்ல, கேட்க நேரமில்லாமல் முந்திரி ஆலைக்கு ஓடுகிறாளே, அந்தத் தாயின் பிள்ளைக்காகவும் கேளுங்கள்.