யாரும்மா இந்த 'எம், எஸ்.'? – ஜோடெரோவும் நம்ம இனிஷியலும்

போன மாசம் விருத்தாசலத்துல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பொண்ணு பிஎச்டி பண்றா. அந்த ஊர் செராமிக் தொழில்தான் ஆய்வு: பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் பாகங்களும் செய்யற சின்னச் சின்ன யூனிட்டுகள். ஆய்வேட்டின் கடைசி வரைவு நெறியாளரிடமிருந்து திரும்பி வந்திருந்தது. துணைநூற்பட்டியலில் ஒரு வரியைச் சுழித்து, பக்கத்தில் "யாரும்மா இந்த எம், எஸ்.?" என்று எழுதியிருந்தார்.

"அண்ணா, நான் கையால டைப்பே பண்ணலை. சாஃப்ட்வேர்தான் போட்டுச்சு"ன்னா. மூணாவது அத்தியாயமே அந்தக் கட்டுரையை நம்பித்தான் நிக்குது. ஆனா எழுதினவங்க பேரே பட்டியல்ல இல்லை.

அவ பயன்படுத்தினது ஜோடெரோ. 2006ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வாளர்கள் இருந்த ஒரு மையம் உருவாக்கியது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். வேலை ரொம்ப எளிமை. பிரவுசர்ல ஒரு கட்டுரை திறந்திருக்கும்போது பட்டனை அழுத்தினா தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் உங்க சேமிப்புல வந்து உட்காரும். வேர்டுல எழுதும்போது அங்கிருந்து மேற்கோளைச் சேர்க்கலாம். கடைசியில பட்டியலை அதுவே தயார் பண்ணும். ஏபிஏ வேண்டாம், எம்எல்ஏ முறை வேணும்னு சொன்னா, ஒரே கிளிக்ல மொத்தமும் மாறும்.

அப்ப தப்பு எங்க? பெயர்ல.

இந்த மாதிரி மென்பொருள் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ரெண்டு பெட்டி வைக்குது: குடும்பப்பெயர், சொந்தப் பெயர். நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப்பெயரே கிடையாது. அப்பா பேரோட முதலெழுத்துதான் இனிஷியல். செல்வின்னு ஒருத்தர், அப்பா முருகன்னு வச்சுக்கலாம். 'எம். செல்வி'ன்னு எழுதினா பிரச்சினையில்லை. கடைசிச் சொல் குடும்பப்பெயர்னு எடுத்துக்கிட்டு 'செல்வி, எம்.'னு சரியாவே போடும். அதையே 'செல்வி எம்'னு எழுதினா? 'எம்' குடும்பப்பெயர் ஆகிடும். செல்வி 'எஸ்.'னு சுருங்கிடுவாங்க. அதுதான் 'எம், எஸ்.' பாஸ்போர்ட் மாதிரி 'செல்வி முருகன்'னு எழுதினா 'முருகன், எஸ்.' ஆராய்ச்சி பண்ணது மகள், பேர் அப்பாவுக்கு.

கணிதமேதை ராமானுஜனை எடுத்துக்கோங்க. அவருடைய பெயர் ராமானுஜன். சீனிவாச என்பது அப்பா பெயர். கட்டுரைகளில் இனிஷியல் முன்னாடி, பெயர் பின்னாடி. அதனால நூறு வருஷம் கழிச்சும் உலகம் அவரை 'ராமானுஜன், எஸ்.'னு சரியா மேற்கோள் காட்டுது. வரிசை தலைகீழா இருந்திருந்தா நாம அவரோட அப்பாவைத்தான் மேற்கோள் காட்டிட்டிருப்போம்.

சரி, எப்படிச் சரிபண்றது? ஜோடெரோவில் அந்தக் கட்டுரையைத் திறந்து, மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தோட ஒப்பிடுங்க. 'செல்வி'யைக் குடும்பப்பெயர் பெட்டியிலும் 'எம்.'ஐ மற்றதிலும் போடுங்க. வேர்டுல ரெஃப்ரெஷ் அழுத்தினா அந்தப் பேர் வர்ற இடமெல்லாம் மாறிடும். அப்பா பெயர் முழுசா அச்சாகியிருந்தா மட்டும் நாமளா மாத்தக் கூடாது. அவங்க மத்த கட்டுரைகள்ல எப்படிப் போட்டிருக்காங்கன்னு பார்த்துட்டு, நெறியாளர்கிட்டயும் கேட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்தது அரசு ஆவணங்கள். ஆங்கிலத்துல தமிழ்நாடு அரசின் பேரை ரெண்டு பெட்டியில போட்டா 'நாடு' குடும்பப்பெயராகிடும்! பெயருக்குப் பக்கத்துல இருக்கற சின்ன பட்டனை அழுத்துங்க. ரெண்டு பெட்டியும் ஒண்ணாகும். நிறுவனங்களுக்கு எப்பவும் இதுதான்.

இன்னொண்ணு, ஊர்ப் பெயர். விருத்தாசலத்தை ஆங்கிலத்துல வி-ஆர்-ஐன்னு தொடங்கியும் எழுதறாங்க, வி-ஐ-ஆர்னு தொடங்கியும் எழுதறாங்க. பழைய பெயர் திருமுதுகுன்றம். கடலூர் மாவட்டம் 1993ல்தான் உருவானது. அதுக்கு முந்தின ஆவணங்கள்ல தென்னாற்காடு மாவட்டம்னு இருக்கும். ஒரே ஊரைத் தேட இத்தனை சொல்! மூலத்தின் தலைப்பை மாத்தாதீங்க. அச்சில் இருக்கறபடியே இருக்கட்டும். அதுக்குப் பதிலா, ஒவ்வொண்ணுக்கும் 'விருத்தாசலம்'னு ஒரு டேக் போட்டுடுங்க. அப்புறம் டேக்கைத் தட்டினா எல்லாம் ஒரே இடத்துல வந்து நிக்கும்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து பட்டியல் முழுசையும் ஒவ்வொரு பேரா சரிபார்த்தோம். பதினொரு பேர் தப்பா இருந்தாங்க. முடிக்கும்போது அவ கேட்டா: "அண்ணா, என் முதல் கட்டுரை வரப்போகுது. என் பேரை எப்படிப் போடட்டும்?"

இனிஷியலை முன்னாடி போடு, எல்லாக் கட்டுரையிலும் அதே எழுத்துக்கூட்டல்ல போடுன்னு சொன்னேன். அப்புறம் ஆர்கிட்ல பதிவு பண்ணச் சொன்னேன். ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண் அது, இலவசம். பேர் எப்படி மாறினாலும் எண் மாறாது. அங்கேயே பதிவு பண்ணிட்டா.

நீங்களும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடி பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படிங்க. தனியா ஒரு 'எம்', ஒரு 'கே', ஒரு 'எஸ்' குடும்பப்பெயரா நின்னா, அங்க ஒருத்தரோட பேர் காணாமப் போயிருக்குன்னு அர்த்தம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.