கணக்கேடும் கணினிக் கோப்பும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி நறுமணப் பொருள் வணிகத்தால் புகழ்பெற்ற பகுதியாகும். 1957ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இங்குள்ள யூதத் தெருவில் இயங்கியது. அதன் கூடத்தில் வணிகர்கள் உரத்த குரலில் விலை கூறி, மிளகுக்கான முன்பேர ஒப்பந்தங்களைச் செய்தனர். பிற்காலத்தில் அக்குரல்களின் இடத்தைக் கணினி பெற்றது. கூவிய குரல் காற்றில் கரைந்துவிடும். ஏட்டில் பதிந்த விலையே மறுநாள் சான்றாக நிற்கும். கணினியில் அவ்வேட்டின் பணியைச் செய்வது கோப்பு ஆகும்.

நினைவகமும் கோப்பும்

ஒரு நிரல் இயங்கும்போது அது கையாளும் மதிப்புகள் கணினியின் நினைவகத்தில் தங்குகின்றன. நிரல் முடிந்தவுடன் அவை மறைந்துவிடும். அவற்றை நிலையாகக் காக்க வேண்டுமாயின், வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்தல் வேண்டும். பின்னர் வேண்டும்போது அக்கோப்பைப் படித்துக்கொள்ளலாம்.

மூன்று படிகள்

கோப்பைக் கையாளுதல் மூன்று படிகளை உடையது: திறத்தல், படித்தல் அல்லது எழுதுதல், மூடுதல். பைத்தான் மொழியில் இவற்றுக்கு முறையே ஓப்பன், ரீட் அல்லது ரைட், குளோஸ் என்னும் கட்டளைகள் உள்ளன. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி பைத்தானை அடிப்படையாகக் கொண்டது. அதில் இக்கட்டளைகள் கோப்பை_திற, கோப்பை_படி, கோப்பை_எழுது, கோப்பை_மூடு எனத் தமிழிலேயே அமைந்துள்ளன. சொற்கள் வேறாயினும் செயல்முறை ஒன்றே.

திறக்கும் முறைகள்

கோப்பைத் திறக்கும்போது, அதன் பெயரோடு திறக்கும் நோக்கத்தையும் ஓர் எழுத்தால் குறிப்பிடுகிறோம். பைத்தானில் அவ்வெழுத்துகள் வருமாறு:

1. ஆர் – படிக்க மட்டும். கோப்பு இல்லையெனில் பிழை தோன்றும்.
2. டபிள்யூ – புதிதாக எழுத. கோப்பு முன்பே இருப்பின், அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடும்.
3. ஏ – இருப்பவற்றின் இறுதியில் சேர்த்து எழுத.
4. எக்ஸ் – புதுக்கோப்பை உருவாக்க. அப்பெயரில் கோப்பு இருப்பின் பிழை தோன்றும்; பழையது அழியாது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு மனத்திற்கொள்ளுதல் வேண்டும். ஒரு வணிகர் நாள்தோறும் மிளகு விலையை 'விலை' என்னும் கோப்பில் பதிவதாகக் கொள்வோம். அவரது நிரல் கோப்பை 'ஏ' முறையில் திறந்தால், ஆண்டு முடிவில் எல்லா நாள்களின் விலையும் கிடைக்கும். 'டபிள்யூ' முறையில் திறந்தால், கடைசி நாளின் விலை மட்டுமே எஞ்சும். கோப்பைத் திறந்த அக்கணமே பழைய பதிவுகள் நீங்கிவிடும். கணினி எச்சரிக்கை எதனையும் தராது.

மூடுதலின் தேவை

எழுதும் செய்தி உடனே வட்டைச் சென்றடைவதில்லை. அது முதலில் இடையகம் என்னும் தற்காலிகப் பகுதியில் சேர்கிறது. கோப்பை மூடும்போது இடையகத்தில் எஞ்சியிருப்பது கோப்பிற்குச் செல்கிறது. மூடுவதற்கு முன் நிரல் திடீரென நின்றுவிட்டால், இறுதியாக எழுதிய வரிகள் இழக்கப்படலாம். இதனைத் தவிர்க்கப் பைத்தானில் 'வித்' என்னும் தொடர் உதவுகிறது. அத்தொடருக்குள் திறந்த கோப்பு, இடையில் பிழை நேர்ந்தாலும் தானாகவே மூடப்படும்.

தமிழ் எழுத்தும் கோப்பும்

தமிழைக் கோப்பில் எழுதும்போது, குறியாக்க முறையையும் குறிப்பிடுதல் நன்று. இன்று பரவலாக வழங்குவது யூடிஎஃப்-8 ஆகும். எழுதியதும் படிப்பதும் வெவ்வேறு குறியாக்கங்களில் அமைந்தால், எழுத்துகள் சிதைந்து தோன்றும்.

'மிளகு' என்னும் சொல்லில் நம் கணக்குப்படி மூன்று எழுத்துகள் உள்ளன. யூனிகோடு முறையிலோ ம, இகரக் குறி, ள, க, உகரக் குறி என ஐந்து குறியீடுகள் உள்ளன. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால், அச்சொல் 15 பைட்டுகளை நிரப்புகிறது. எனவே 'முதல் மூன்றைப் படி' எனப் பைத்தானுக்குக் கட்டளையிட்டால், 'மிள' என்பதே கிடைக்கும். தமிழ் நூல்களைக் கணினியில் ஆராய விரும்புவோர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சொற்பொருள்

நிரல் – கணினிக்குரிய கட்டளைகளின் தொகுப்பு
முன்பேரம் – பிற்காலத்தில் ஒப்படைக்க வேண்டிய பொருளுக்கு முன்னரே விலை உறுதி செய்தல்
இடையகம் – செய்தி தற்காலிகமாகத் தங்கும் நினைவகப் பகுதி

பயிற்சி

1. நிரல் முடிந்த பின்னரும் மதிப்புகளைக் காக்க என்ன செய்தல் வேண்டும்?
2. 'டபிள்யூ', 'ஏ' முறைகளை வேறுபடுத்துக.
3. பழைய பதிவு அழியாமல் புதுக்கோப்பை உருவாக்க ஏற்ற முறை எது? ஏன்?
4. 'ஏலம்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள், எத்தனை குறியீடுகள், எத்தனை பைட்டுகள் உள்ளன எனக் கணக்கிடுக.