தெருப் பலகையில் மராத்தி

புனே மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள பெரிய நகரம். அங்கே பேசும் மொழி மராத்தி. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியாது. மராத்தி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். தெருவில் உள்ள பலகைகளே சொற்களைச் சொல்லித் தரும்.

பழைய புனேயில் சோம்வார் பேட், புத்வார் பேட், சனிவார் பேட் என்று ஏழு கிழமைகளின் பெயரிலும் பகுதிகள் உண்டு. 'பேட்' என்பது வேறொன்றும் இல்லை, நம் ஊர்ப் பேட்டைதான். சைதாப்பேட்டை, ராணிப்பேட்டை என்கிறோமே, அதுபோல. 'வார்' என்றால் கிழமை. வேலைக்குப் போகும் வழியில் தினமும் இவற்றைப் படித்தால் கிழமைகள் மனதில் நின்றுவிடும். சனிவார் அன்று கூலி என்று மேஸ்திரி சொன்னால், என்றைக்கு என்று பக்கத்து ஆளைக் கேட்க வேண்டாம்.

ஆனால் நம் சொல்லைப் போலவே இருந்து ஏமாற்றும் சொல்லும் உண்டு. மின்சாரப் பெட்டியில் 'சாவதான்' என்று எழுதியிருக்கும். சாவதானமாக வா என்றால் தமிழில் மெதுவாக வா என்று பொருள். மராத்தியில் அது 'ஜாக்கிரதை'. பக்கத்தில் மண்டை ஓடு வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். 'தோகா' என்ற சொல்லும் இருக்கலாம். தோகா என்றால் ஆபத்து. அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.