சீனத்துக் கோப்பை நம் ஊருக்கு வந்த கதை

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்க்காரர்களுக்கு இரண்டு வகைப் பாண்டங்கள் தெரியும். ஒன்று, குயவர் சக்கரத்தில் வனையும் மண்பானை. மற்றொன்று, விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் வெள்ளைப் பீங்கான்.

இரண்டும் மண்தான். ஆனால் இரண்டும் மனிதன் கைக்கு வந்த வழி வேறு!

பானைக்குப் பல தாயகம்

"நாகரிகம் முழுவதும் எகிப்திலிருந்தே உலகெங்கும் பரவியது" என்று எலியட் ஸ்மித் என்ற அறிஞர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார்.

அது உண்மையா? பானையைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லும். கொலம்பஸ் 1492-ல் போய்ச் சேருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கப் பழங்குடி மக்கள் பானை செய்தார்கள். யாரும் கடல் கடந்து போய்ச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பீங்கானுக்கு ஒரே தாயகம்

பீங்கான் அப்படி அல்ல. அது சீனாவில் பிறந்தது. வெண்களிமண்ணுடன் கல்பொடியைச் சேர்த்து, சுமார் 1,300 டிகிரி சூட்டில் சுடவேண்டும். அந்த வித்தை நெடுங்காலம் ஐரோப்பாவுக்கு எட்டவில்லை.

சரக்கு மட்டும் கப்பல் ஏறியது. 1077-ல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனா சென்றது. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. 'பீங்கான்' என்ற சொல்லோ பாரசீகத்திலிருந்து வந்தது என்பர்.

கோப்பை வந்தது. பெயரும் வந்தது. வித்தை வரவில்லை!

தங்கம் தேடியவர்

ஜெர்மனியில் சாக்சனி நாட்டு ஆட்சியாளர் அகஸ்டஸ், பாட்கர் என்ற இளைஞரைக் காவலில் வைத்து, "தங்கம் செய்து கொடு" என்றார். தங்கம் கிடைக்கவில்லை. 1708-ல் வெள்ளைப் பீங்கான் கிடைத்தது! 1710-ல் மைசன் நகரில் பீங்கான் ஆலை எழுந்தது.

அவருக்குச் சீனர் யாரும் கற்றுத் தரவில்லை. ஆனால், 'மண்ணில் இப்படியும் செய்ய முடியும்' என்பதற்குச் சீனக் கோப்பை கண்முன் சாட்சியாக இருந்தது. முடியும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது அல்லவா?

1712-ல் சீனாவில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், பீங்கான் செய்யும் முறையை விவரமாகக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். கட்டிக் காத்த ரகசியம் உடைந்தது.

விருத்தாசலத்துக் கைவண்ணம்

பீங்கானில் மின்சாரம் பாயாது. அதனால் விருத்தாசலத்தில் வீட்டு மின்சாரத்துக்கு வேண்டிய பியூஸ் கட்டைகள் செய்கிறார்கள். சீனத்து வித்தையும் ஐரோப்பாவின் மின்சாரமும் நம்மவர் கையில் ஒன்று சேர்ந்தன. அதே பீங்கானில் பொம்மைகளும் பிறக்கின்றன. வித்தை வெளியூர், பொம்மையின் முகம் நம்மூர்!

பிறரிடம் வாங்குவது இழுக்கு அல்ல. வாங்கியதை நமதாக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

பீங்கான் தொழிலைப் பாடமாகக் கற்பிக்கும் நிலையமும் விருத்தாசலத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் மன்னர்கள் சிறை வைத்துத் தேடிய ரகசியத்தை, இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள்!